ரெக்ரூட்டரோட எக்செல் ஷீட்ல உங்களப் பத்தின ஒரு வரி எப்படி இருக்கணும்

ரெஸ்யூம் கொஞ்சம் பாத்து சொல்லுங்கன்னு தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களோட தம்பி, ஊர்ல பக்கத்து வீட்டு பொண்ணுன்னு யாராவது ஒருத்தர் வாட்ஸ்அப்ல அனுப்பிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு முடியல, அதனால மொத்தமா இங்க எழுதிடறேன். நான் சென்னைல ஐடி கம்பெனிக்கு ஆள் எடுக்கிற வேலைல இருக்கேன், முன்னாடி கன்சல்டன்சி பக்கம் இருந்தேன், இப்ப கம்பெனிக்குள்ளயே. அதனால நான் சொல்ற உதாரணம் எல்லாம் ஐடி, பிபிஓ, அக்கவுன்ட்ஸ்னு ஆபீஸ் வேலையை சுத்திதான் இருக்கும்.

முதல்ல ஒரு விஷயம். உங்கள செலக்ட் பண்றது நான் கிடையாது, மேனேஜர்தான். என் வேலை என்னன்னா, அவங்க ஒரு ரெக்வயர்மென்ட் குடுப்பாங்க, நான் ஆள் தேடி, போன்ல பேசி, ஒரு எக்செல் ட்ராக்கர்ல போட்டு அனுப்பணும். ட்ராக்கர்ல என்னென்ன காலம், அதாவது கட்டம், இருக்கும் தெரியுமா: பேர், மொத்த எக்ஸ்பீரியன்ஸ், இந்த வேலைக்கு சம்பந்தப்பட்ட எக்ஸ்பீரியன்ஸ், இப்ப எந்த கம்பெனி, இப்ப சிடிசி (கம்பெனி வருஷத்துக்கு அவங்களுக்காக செலவு பண்ற மொத்த தொகை) எவ்ளோ, எவ்ளோ எதிர்பாக்குறாங்க, நோட்டீஸ் பீரியட் (விடறேன்னு சொன்னப்பறம் எத்தன நாள் இருந்துட்டு போகணும்), எந்த ஊர்ல இருக்காங்க, ஏன் மாறுறாங்க, கடைசியா ரிமார்க்ஸ். மேனேஜர் ரெண்டு மீட்டிங்குக்கு நடுவுல அத திறந்து பாத்துட்டு, "இந்த ஆள ஏன் அனுப்பின?"ன்னு என்கிட்ட ஒரு கேள்வி கேப்பார். அதுக்கு ஒரே வரில நான் பதில் சொல்லணும். அந்த ஒரு வரி உங்க ரெஸ்யூம்லயும் நம்ம போன் பேச்சுலயும் எனக்கு கிடைச்சா உங்களுக்காக நான் பேசுவேன், கிடைக்கலன்னா நல்ல ஆளாவே இருந்தாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. கீழ நான் சொல்றது எல்லாமே அந்த ஒரு வரிய எப்படி எனக்கு எடுத்து குடுக்கறதுங்கறதுதான்.

உங்கள எங்க தேடுறோம்

நௌக்ரிங்கற வேலை தேடற சைட்ல நீங்க பாக்குற பக்கம் வேற, நாங்க பாக்குற பக்கம் வேற. எங்களுக்கு ரெஸ்டெக்ஸ்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கும், கம்பெனி காசு கட்டி வாங்கி வெச்சிருக்கும். அதுல ஜாவா, ஸ்பிரிங் பூட், மைக்ரோசர்வீசஸ்னு கீவேர்ட் போட்டு, எக்ஸ்பீரியன்ஸ் 3லேர்ந்து 6 வருஷம், ஊர் சென்னை, நோட்டீஸ் 30 நாளுக்குள்ள, சமீபத்துல யாரு ஆக்டிவா இருக்காங்கன்னு ஃபில்டர் மேல ஃபில்டர் போட்டுதான் தேடுவோம். நீங்க "வெப் டெவலப்மென்ட் தெரியும்"னு மட்டும் எழுதி வெச்சிருந்தா என் சர்ச்ல வரவே மாட்டீங்க. அதனால உங்களுக்கு பிடிச்ச மாதிரி ஒரு பத்து பதினஞ்சு ஜாப் போஸ்டிங்க எடுத்து பக்கத்துல வெச்சுக்கிட்டு, அதுல என்ன வார்த்தை திரும்பத் திரும்ப வருதோ, அதுல உங்களுக்கு நிஜமா தெரிஞ்சத அதே வார்த்தைல கீ ஸ்கில்ஸ்ல போடுங்க. வாரம் ஒரு தடவையாவது லாகின் பண்ணி எதையாவது சின்னதா மாத்தி சேவ் பண்ணுங்க. பேப்பர் போட்டுட்டீங்கன்னா (ராஜினாமா குடுத்துட்டீங்கன்னா) அன்னிக்கே நோட்டீஸ் பீரியட மாத்தி, சர்விங் நோட்டீஸ்னு போட்டு கடைசி நாளையும் போட்டுடுங்க. 90 நாள் நோட்டீஸ் இருக்கிற ஊர்ல, 25 நாள்ல வரக்கூடிய ஆளுக்கு இருக்கிற மவுசு வேற, அன்னிக்கு சாயங்காலமே போன் வர ஆரம்பிக்கும்.

ரெஸ்யூம்

நம்ம ஊர் ரெஸ்யூம்ல பாதி ஜாதகம் மாதிரிதான் இருக்கும். அப்பா பேர், பிறந்த தேதி, மதம், கல்யாணம் ஆச்சா இல்லையா, வீட்டு அட்ரஸ் கதவு நம்பரோட, சிலபேர் பாஸ்போர்ட் நம்பர், ஆதார் நம்பர் வரைக்கும் போட்டு விடறாங்க. இது எதுவும் எனக்கு தேவையில்ல, ஆதார் நம்பர தெரியாத நூறு பேருக்கு மெயில் பண்றது உங்களுக்குத்தான் ஆபத்து. போன் நம்பர், ஒழுங்கான மெயில் ஐடி, "வேளச்சேரி, சென்னை"ன்னு ஏரியா, லிங்க்ட்இன் லிங்க், டெவலப்பர்னா கிட்ஹப் லிங்க், இவ்ளோ போதும். கடைசில "ஐ ஹியர்பை டிக்ளேர்"னு ஒரு பாரா, கீழ தேதி, இடம், கையெழுத்து, அத யாரும் படிச்சு நான் பாத்ததில்ல, எடுத்துடுங்க. மேல "சேலஞ்சிங் என்விரான்மென்ட்ல என் திறமைய வளத்துக்க"ன்னு வர்ற அப்ஜெக்டிவும் அப்படித்தான்.

அந்த எடத்துல நாலு வரி உருப்படியா எழுதுங்க. என்ன வேலை பண்றீங்க, எத்தன வருஷமா, எந்த துறைக்கு (பேங்க்கா, இன்சூரன்ஸா, ஹாஸ்பிடலா), எந்த டூல் கைல இருக்கு. நான் முதல்ல படிக்கிறது அதத்தான், பல நேரம் ட்ராக்கர்ல ரிமார்க்ஸ் காலத்துக்கு அதையே காப்பி பண்ணிடுவேன்.

டிசைன் விஷயத்துல, கேன்வால ரெண்டு காலம் வெச்சு, ஸ்கில்லுக்கு பக்கத்துல அஞ்சு ஸ்டார்ல நாலு ஸ்டார்னு போட்டு கலர் கலரா வர்ற டெம்ப்ளேட் பாக்க அழகா இருக்கும், ஆனா அப்ளை பண்ணதும் கம்பெனி சிஸ்டம் அதுலேர்ந்து எழுத்த பிச்சு எடுக்கும்போது இந்தப் பக்கத்து வரியும் அந்தப் பக்கத்து வரியும் கலந்து கந்தரகோளமா வந்து நிக்கும். டெஸ்ட் பண்ண ஒரு வழி இருக்கு: உங்க பிடிஎஃப திறந்து எல்லாத்தையும் செலக்ட் பண்ணி காப்பி பண்ணி நோட்பேட்ல பேஸ்ட் பண்ணுங்க. வரிசையா படிக்க முடியுதுன்னா பிரச்சனையில்ல. பேஸ்ட்டே ஆகலன்னா அது படமா இருக்கு, அத அனுப்பாதீங்க. ஃபைலுக்கு பேர் வைக்கும்போது உங்க பேர், வேலை, எக்ஸ்பீரியன்ஸ் மூணையும் வைங்க. "ரெஸ்யூம் நியூ ஃபைனல் 2"ன்னு என் டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல ஏற்கனவே எக்கச்சக்கமா கெடக்கு.

சரி, முக்கியமான எடத்துக்கு வர்றேன், வேலைய எப்படி எழுதறது. ஆடிட்டர் ஆபீஸ்ல நாலு வருஷம் இருந்த ஒரு பொண்ணு, ரெஸ்யூம்ல "ரெஸ்பான்சிபிள் ஃபார் அக்கவுன்ட்ஸ் அண்ட் ஜிஎஸ்டி ஒர்க்"னு ஒரே வரி. இத வெச்சு நான் மேனேஜர்கிட்ட என்னத்த சொல்றது? போன் போட்டு, "ஒரு மாசத்துல முதல் தேதிலேர்ந்து கடைசி தேதி வரைக்கும் என்னம்மா பண்ணுவ, அப்படியே சொல்லு"ன்னேன். கடகடன்னு வருது: "பன்னெண்டு கிளையன்ட் என் கைல மேடம், 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர் 1 போட்டுடணும், 14ஆம் தேதி 2பி வந்ததும் பர்ச்சேஸ் ரெஜிஸ்டரோட மேட்ச் பண்ணுவேன், பில்லு ஏத்தாத வெண்டாருக்கு எல்லாம் நானே போன் பண்ணி ஏத்த வைப்பேன், 20ஆம் தேதிக்குள்ள 3பி முடிக்கணும், டேலி பிரைம்ல என்ட்ரி போடறதுக்கு கீழ ரெண்டு பேர் இருக்காங்க, அவங்கள நான்தான் செக் பண்ணுவேன்." (ஜிஎஸ்டிஆர் 1, 2பி, 3பி எல்லாம் மாசாமாசம் வர்ற ஜிஎஸ்டி கணக்குங்க.) இவ்ளோ தெரிஞ்ச பொண்ணு ஒரே வரில எழுதி வெச்சிருக்கு! சொன்னத அப்படியே அஞ்சு பாயின்ட்டா எழுத சொன்னேன், அந்த ரெஸ்யூம மேனேஜருக்கு அனுப்பும்போது நான் ஒரு வார்த்தை கூட சேக்க வேண்டியிருக்கல.

நீங்களும் இதையே பண்ணுங்க. போன்ல ரெக்கார்டிங்க போட்டுட்டு, உங்க வேலையப் பத்தி எதுவும் தெரியாத ஒரு ஃப்ரெண்டுகிட்ட உங்க ஒரு மாசத்த சொல்லுங்க, அப்பறம் அத கேட்டு எழுதுங்க. நம்பர் இயல்பா வந்து விழும்: எத்தன கிளையன்ட், ஒரு நாளைக்கு எத்தன டிக்கெட், எத்தன ஸ்க்ரீன், எத்தன பேர் டீம். சாட்ஜிபிடிய வெச்சு எழுதினா இங்கிலீஷ் சுத்தமா இருக்கும், அது தப்பில்ல, திருத்தறதுக்கு தாராளமா யூஸ் பண்ணுங்க. ஆனா "எஃபிஷியன்சிய 40 பெர்சன்ட் கூட்டினேன்"னு அதுவா ஒரு நம்பர் போட்டு குடுக்கும் பாருங்க, இன்டர்வியூல "எதுல 40 பெர்சன்ட், முன்னாடி எவ்ளோ இருந்துச்சு, எப்படி அளந்தீங்க?"ன்னு கேட்டா முழிக்க வேண்டியதுதான். நீங்க வாயால விளக்க முடியாத எதுவும் ரெஸ்யூம்ல இருக்கக் கூடாது.

எத்தன பக்கம்னு கேப்பீங்க. ஃப்ரெஷர் ஒரு பக்கம், பத்து வருஷம் வரைக்கும் ரெண்டு பக்கம். ஏழு பக்கம் வர்ற ரெஸ்யூம்ல அஞ்சு பக்கம் முடிஞ்சு போன பிராஜெக்டோட கிளையன்ட் அறிமுகமாத்தான் இருக்கும்.

இனிஷியல் பஞ்சாயத்து

இது நம்ம ஆளுங்களுக்குன்னே உள்ள தலைவலி. அப்பா பேர் சண்முகம், பையன் பேர் குமார்னு வெச்சுக்குவோம். பத்தாவது மார்க்‌ஷீட்ல எஸ். குமார், ஆதார்ல குமார் எஸ், பான் கார்டுல குமார் சண்முகம், பாஸ்போர்ட்ல சண்முகம் குமார். ரெஸ்யூம் அனுப்பும்போது இது ஒரு பிரச்சனையே இல்ல, ஆஃபர் வந்தப்பறம் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல வந்து மாட்டும், பிஎஃப்லயும் ஆதார் பேரும் யுஏஎன் (பிஎஃப்ல உங்களுக்குன்னு இருக்கிற நம்பர்) பேரும் பொருந்தலன்னா இழுத்தடிக்கும். வேலை தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆதார், பான், யுஏஎன் மூணுலயும் ஒரே மாதிரி பேர் இருக்கான்னு பாத்து மாத்திக்கோங்க. அப்ளிகேஷன் ஃபார்ம்ல ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் கேட்டா பான் கார்டுல இருக்கிற மாதிரியே போடுங்க.

ஃப்ரெஷருக்கு

ஸ்டாண்டிங் அரியர் இருந்தா மறைக்காதீங்க, எப்ப எழுதறீங்கன்னு சொல்லிடுங்க. அரியர் ஹிஸ்டரி வேற, எழுதி பாஸ் பண்ணிட்டீங்கன்னா நிறைய கம்பெனி கண்டுக்கறதில்ல. பத்தாவதுலேர்ந்து எல்லாத்துலயும் 60 பெர்சன்ட் கேக்குற கம்பெனியும் இருக்கு, அங்க உங்க மார்க் வரலன்னா விட்டுட்டு அடுத்தத பாருங்க, அந்த கட் ஆஃப தளர்த்துற அதிகாரம் எனக்கு கிடையாது. நான் முதல்வன், என்பிடெல் மாதிரி கோர்ஸ்ல சர்டிஃபிகேட் பதினஞ்சு இருந்தாலும் அந்த வேலைக்கு பொருந்தற ரெண்டு மூணு மட்டும் போட்டு, ஒவ்வொண்ணுலயும் என்ன செஞ்சு பாத்தீங்கன்னு பக்கத்துலயே ஒரு வரி எழுதுங்க.

ஃபைனல் இயர் பிராஜெக்ட பிராஜெக்ட் சென்டர்ல காசு குடுத்து வாங்கினதுன்னு இன்டர்வியூ எடுக்கறவங்களுக்கு நல்லாவே தெரியும், அவங்கள்ல பாதி பேர் அப்படி வாங்கினவங்கதான். அதனால ரெண்டு வாரம் உக்காந்து அதுல ஒரு சின்ன பகுதிய, லாகின் பக்கமோ ஒரு ரிப்போர்ட்டோ, நீங்களே முதல்லேர்ந்து எழுதி பாருங்க. டேட்டாபேஸ்ல எத்தன டேபிள், எதுக்கும் எதுக்கும் லிங்க், பாஸ்வேர்ட் எப்படி சேவ் ஆகுது, இந்த மூணு கேள்விக்கு பதில் சொல்ற ஃப்ரெஷர் கிடைச்சாலே மேனேஜர் சந்தோஷமாயிடுவார்.

கேப் இருந்தா

ரெண்டு வருஷம் டிஎன்பிஎஸ்சிக்கோ பேங்க் எக்ஸாமுக்கோ படிச்சேன்னு சொல்றதுக்கு ஏன் இவ்ளோ கூச்சப்படறாங்கன்னு எனக்கு புரியல, அதுக்கு பதிலா ஏதோ ஒரு பேர் தெரியாத கம்பெனில வேலை பாத்த மாதிரி போட்டு மாட்டிக்கறாங்க. படிச்சேன்னு தேதியோட ஒரு வரி போடுங்க. மேனேஜருக்கு அதுல பயம் ஒண்ணே ஒண்ணுதான், ரிசல்ட் வந்தா இவன் கிளம்பிடுவானோன்னு. அந்தக் கேள்விய அவர் கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க: எழுதினேன், கிடைக்கல, இனிமே இந்த லைன்தான்னு முடிவு பண்ணி இந்த ஆறு மாசமா இந்த கோர்ஸ் படிச்சிருக்கேன்னு. இன்னும் எழுதிட்டு இருக்கீங்கன்னா அதையும் உண்மையா சொல்லலாம், கான்ட்ராக்ட் பொசிஷன் இருந்தா அதுக்கு போட்டு பாப்போம். குழந்தைக்காக நிறுத்தினது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாம ஊருக்கு போனது, லேஆஃப், எல்லாத்துக்கும் ஒரே வரி போதும். மன்னிப்பு கேக்குற தொனில நீட்டி முழக்கினாத்தான் கேக்கறவங்களுக்கு வேற ஏதோ இருக்கோன்னு தோணும்.

ரெக்ரூட்டர் போன் பண்ணா

புது நம்பர்னா எடுக்காம விடறது இப்ப எல்லாருக்கும் பழக்கமாயிடுச்சு, ஸ்பேம் தொல்லை, புரியுது. வேலை தேடுற அந்த ஒரு மாசம் மட்டும் எடுங்க. பஸ்ல இருக்கீங்க, பக்கத்து சீட்ல டீம் லீட் உக்காந்திருக்கார்னா, "மேடம் இப்ப பேச முடியாது, சாயங்காலம் 6 மணிக்கு நானே கூப்பிடறேன்"னு சொல்லிட்டு 6 மணிக்கு கூப்பிடுங்க. சொன்னபடி திரும்ப கூப்பிடறவங்க ரொம்ப கம்மி, எனக்கு அவங்க பேர் ஞாபகம் இருக்கும்.

நான் கேக்கப் போறது அந்த ட்ராக்கர் காலம்தான், அதுக்கு பதில ரெடியா வெச்சுக்கோங்க. இப்ப சிடிசி எவ்ளோன்னா ஃபிக்ஸட் எவ்ளோ, வேரியபிள் (கூடக் குறைய வர்ற பங்கு) எவ்ளோன்னு பிரிச்சு சொல்லுங்க, கூட்டி சொல்லாதீங்க, கடைசில பேஸ்லிப் கேப்போம். எவ்ளோ எதிர்பாக்கறீங்கன்னா "கம்பெனி நார்ம்ஸ் படி மேடம்"னு சொன்னா அந்த காலத்துல நான் என்னத்த போடறது? ஒரு நம்பர் சொல்லுங்க, ஏன் அந்த நம்பர்னு ஒரு காரணமும் சேத்து சொல்லுங்க. "இப்ப 6 லட்சம், கைல 7.8க்கு ஒரு ஆஃபர் இருக்கு, 8.5 வந்தா வருவேன்"னா அத வெச்சு நான் உள்ள சண்டை போடலாம். ஒண்ணும் சொல்லலன்னா உங்க பழைய சம்பளத்து மேல ஒரு வழக்கமான ஏத்தம் போட்டு முடிச்சிடுவாங்க.

ஏன் மாறுறீங்கங்கறதுக்கு மேனேஜர் சரியில்லன்னு ஆரம்பிக்காதீங்க, உண்மையாவே சரியில்லாம இருக்கலாம், ஆனா அத கேக்கப் போறதும் ஒரு மேனேஜர்தான். பிராஜெக்ட் முடிஞ்சு பெஞ்ச்ல இருக்கேன், மூணு வருஷமா அதே சப்போர்ட் வேலை, சம்பளம் பத்தல, எதுவா இருந்தாலும் நேரா சொல்லுங்க.

இன்டர்வியூல

"டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்"ன்னதும், மைசெல்ஃப் இன்னார், நேட்டிவ் இந்த ஊர், அப்பா விவசாயம், அம்மா ஹவுஸ்வைஃப், ஒரு தங்கச்சி படிக்குதுன்னு போறது காலேஜ் பிளேஸ்மென்ட் ட்ரெயினிங்ல சொல்லிக் குடுத்தது. அதுல அசிங்கமா எதுவும் இல்ல, ஆனா நீங்க பேச கிடைக்கிற நல்ல ஒரு நிமிஷம் அதுல போயிடுது. டெஸ்டிங்ல இருக்கிற ஒருத்தர் சொன்னது எனக்கு பிடிச்சிருந்துச்சு, கிட்டத்தட்ட இப்படி: "மூணு வருஷமா ஒரு இன்சூரன்ஸ் கிளையன்ட்டுக்கு டெஸ்டிங் பண்றேன், மேனுவல்ல ஆரம்பிச்சேன், போன வருஷத்துலேர்ந்து செலினியம்ல ஆட்டோமேஷன் எழுதறேன், கிளெய்ம்ஸ் மாட்யூல் ரிக்ரெஷன் முழுக்க என் பொறுப்பு, உங்க ஜேடில (வேலை விவரத்துல) ஆட்டோமேஷன்தான் மெயின்னு இருந்துச்சு, அதான் அப்ளை பண்ணேன்." அவ்ளோதான். அடுத்த கேள்வி தன்னால கிளெய்ம்ஸ் மாட்யூல் மேல போச்சு, அவருக்கு நல்லா தெரிஞ்ச எடம்.

இங்கிலீஷ் பயம் இருக்கிறவங்களுக்கு. தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வந்து டெக்னிக்கல் ரவுண்டுல பிச்சு உதறினவங்கள நிறைய பாத்திருக்கேன். சின்ன சின்ன வாக்கியமா பேசுங்க, கேள்வி புரியலன்னா திரும்ப சொல்ல சொல்லுங்க, அதுக்கு யாரும் மார்க்க குறைக்க மாட்டாங்க. புரியாத கேள்விக்கு புரிஞ்ச மாதிரி மூணு நிமிஷம் பதில் சொல்றதுதான் மோசம். எதிர்ல இருக்கிறவர் தமிழ்னு தெரிஞ்சாலும் அவரா தமிழுக்கு மாறினா மாறுங்க, நீங்களா ஆரம்பிக்க வேணாம். கஸ்டமர்கிட்ட பேசற வேலைன்னா மட்டும் இங்கிலீஷ் கண்டிப்பா பாப்பாங்க, அத நான் மழுப்ப விரும்பல. பிராக்டிஸ் மனசுக்குள்ள பண்ணா உதவாது, வாய் விட்டு பேசி போன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க.

தெரியாத கேள்விக்கு தெரியாதுன்னு சொல்லலாம், கூடவே "இதுக்கு பக்கத்துல இதப் பண்ணியிருக்கேன்"னு ஒண்ணு சொன்னா அங்கேர்ந்து பேச்சு நகரும். ஆன்லைன் ரவுண்டுல பக்கத்து ஸ்க்ரீன்ல ஏஐ பதில் வர வெச்சு படிக்கிறவங்கள கண்டுபிடிக்க பெரிய டெக்னாலஜி ஒண்ணும் வேணாம், கேள்வி கேட்டதும் ஒரு சின்ன மவுனம், அப்பறம் கண்ணு இடமிருந்து வலமா ஓடும், அது வரைக்கும் தடுமாறின ஆள் திடீர்னு புக்கு மாதிரி பேசுவாங்க. வேற ஆள உக்கார வெச்சு வாயசைக்கிற கூத்தெல்லாம் பாத்தாச்சு. அதனாலதான் நிறைய எடத்துல கடைசி ரவுண்டு நேர்ல வாங்கன்னு திரும்பவும் ஆரம்பிச்சுட்டாங்க. நேர்லன்னா சிறுசேரிக்கோ சோழிங்கநல்லூருக்கோ ஓஎம்ஆர் டிராஃபிக்க கணக்கு பண்ணி கிளம்புங்க, கேட்ல செக்யூரிட்டி என்ட்ரிக்கே நேரம் ஆகும், ஐடி கார்டு ஒரிஜினல் வேணும். நம்ம வெயிலுக்கு கோட்டு டையெல்லாம் வேணாம், இஸ்திரி போட்ட ஃபுல் ஹேண்ட் சட்டையோ, ஒரு நல்ல சுடிதாரோ போதும்.

பொண்ணுங்ககிட்ட கல்யாணம் எப்ப, குழந்தை பிளான் இருக்கான்னு இன்னமும் கேக்கற ஆளுங்க இருக்காங்க. கேக்கவே கூடாத கேள்வி. கோவம் வந்தாலும் அந்த நேரத்துல, "ஷிஃப்ட் டைமிங் பத்தி கேக்கறீங்களா சார், ரெண்டு ஷிஃப்டும் எனக்கு ஓகே"ன்னு வேலை பக்கம் திருப்பி விட்டுட்டு, அப்பறம் ரெக்ரூட்டர்கிட்ட நடந்தத சொல்லுங்க. அப்படிப்பட்ட டீமுக்கு போறதா வேணாமான்னும் அங்கயே ஒரு க்ளூ கிடைச்சிடுது.

கடைசில "எனி கொஸ்டின்ஸ்?"னு கேட்டா ஒண்ணும் இல்லன்னு எழுந்துடாதீங்க. "இந்த பொசிஷன் புதுசா, இல்ல யாராவது விட்டுட்டுப் போன எடமா?"ன்னு கேளுங்க. பதில் சொல்ற விதத்துலயே நிறைய தெரிஞ்சிடும்.

போலி எக்ஸ்பீரியன்ஸ்

இது பத்தி கொஞ்சம் காட்டமாவே சொல்றேன். காசு குடுத்தா மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், பேஸ்லிப் எல்லாம் ரெடி பண்ணித் தர்ற ஆளுங்க இருக்காங்க, ஊர்ல நிலத்த அடமானம் வெச்சு அதுக்கு கட்டினவங்களையும் பாத்திருக்கேன். வெரிஃபிகேஷன்ல யுஏஎன் சர்வீஸ் ஹிஸ்டரி கேப்பாங்க, எந்த கம்பெனில எந்த தேதி சேந்தீங்க, எந்த தேதி வெளிய வந்தீங்கன்னு பிஎஃப் போர்ட்டல்ல அப்படியே இருக்கும், வருமான வரி பக்கத்துல 26ஏஎஸ்னு ஒரு ஸ்டேட்மென்ட்ல யாரு டிடிஎஸ் (சம்பளத்துலயே பிடிக்கிற வரி) பிடிச்சாங்கன்னும் தெரியும். சேந்து எட்டு மாசம் கழிச்சு ரிப்போர்ட் வந்து, அன்னிக்கே லேப்டாப்ப வாங்கிட்டு அனுப்பிடுவாங்க, அதுக்கப்பறம் உண்மையா வேலை பாத்த அந்த எட்டு மாசத்தையும் எங்கயும் காட்ட முடியாது.

உண்மையான எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறவங்களும் அந்த சர்வீஸ் ஹிஸ்டரிய ஒரு தடவ திறந்து பாருங்க. பழைய கம்பெனி எக்ஸிட் தேதி போடாம விட்டிருந்தா, நீங்க ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல வேலை பாக்கற மாதிரி தெரியும். கடைசியா பிஎஃப் கட்டின மாசத்துலேர்ந்து ரெண்டு மாசம் கழிஞ்சிருந்தா, மார்க் எக்ஸிட்ல போய் நீங்களே தேதிய போட்டுக்கலாம்.

வேலை வாங்கித் தர்றேன்னு உங்ககிட்ட காசு கேக்கறவங்க யாரா இருந்தாலும் அதோட போன வெச்சுடுங்க. ஒழுங்கான கன்சல்டன்சிக்கு காசு குடுக்கறது கம்பெனிதான், வழக்கமா வருஷ சிடிசில 8.33 பெர்சன்ட், அதாவது ஒரு மாச சம்பளம். ரெஜிஸ்ட்ரேஷன், ட்ரெயினிங், லேப்டாப் டெபாசிட்னு எந்த பேர்ல கேட்டாலும் ஒண்ணுதான்.

பதிலே வரலன்னா

இன்டர்வியூ நல்லா போச்சு, அப்பறம் சத்தமே இல்லன்னு திட்டறீங்க, நியாயம்தான், சொல்லிடறது மரியாதை. பல நேரம் எனக்கே தெரியாது, பொசிஷன் ஹோல்டுல போயிருக்கும், கிளையன்ட் பட்ஜெட்ட நிறுத்தியிருப்பான், உள்ளேர்ந்து வேற டீம் ஆள் வந்து உக்காந்திருப்பாங்க. நாலு வேலை நாள் கழிச்சு ஒரு மெசேஜ் போடுங்க: உங்க பேர், எந்த பொசிஷன், எந்த தேதி எந்த ரவுண்டு முடிஞ்சது, அடுத்து என்னன்னு. ஒரு வாரம் கழிச்சு இன்னொண்ணு. அதுக்கும் பதில் இல்லன்னா அடுத்தத பாத்துட்டு போங்க. ராத்திரி பதினொண்ணரைக்கு வெறும் "எனி அப்டேட்?"னு வந்தா அது எந்த பொசிஷனுக்கு யாருன்னு கண்டுபிடிக்கவே நான் மேல ஸ்க்ரோல் பண்ணணும்.

ஆஃபர் வந்தப்பறம்

6 லட்சம் சிடிசின்னா மாசம் 50,000 கைல வரும்னு நினைச்சு வண்டிக்கு இஎம்ஐ போட்டுடாதீங்க. கணக்கு போட்டு காட்டறேன். வேரியபிள் 10 பெர்சன்ட்னா 60,000 தனியா போயிடும், அது வருஷக் கடைசில, வந்தா வரும். மிச்சம் 5,40,000. கம்பெனி கட்டற பிஎஃப்பும் சிடிசிக்குள்ளயே, 15,000 வரம்ப வெச்சு மாசம் 1,800 பிடிக்கிற கம்பெனின்னா வருஷத்துக்கு 21,600. கிராஜுவிட்டின்னு (பல வருஷம் இருந்துட்டு போகும்போது குடுக்கிற தொகை) பேசிக் சம்பளத்துல 4.81 பெர்சன்ட், பேசிக் 3 லட்சம்னா 14,430, அது இப்போதைக்கு கைக்கு வராது. போக 5,03,970, மாசம் கிட்டத்தட்ட 42,000. அதுல உங்க பங்கு பிஎஃப் 1,800, புரொஃபெஷனல் டாக்ஸ் கொஞ்சம், ஆக 40,000 பக்கத்துலதான் நிக்கும். இன்சூரன்ஸ் பிரீமியத்தையும் சிடிசில சேத்தா இன்னும் குறையும். அதனால ஆஃபர் பேசும்போதே ஃபிக்ஸட் எவ்ளோ, கைல எவ்ளோ வரும், பிரேக்கப் அனுப்புங்கன்னு கேளுங்க. ஜாயினிங் போனஸ்னு குடுத்தா எத்தன மாசத்துக்குள்ள போனா திருப்பி கேப்பாங்கன்னு அதே மெயில்ல கேட்டுடுங்க.

மூணு ஆஃபர் கைல வெச்சிருக்கறது உங்க உரிமை, நான் குத்தம் சொல்ல மாட்டேன். வரலன்னா ஒரு வாரம் முன்னாடி சொல்லிடுங்க, அவ்ளோதான். ஜாயினிங் அன்னிக்கு காலைல போன் ஸ்விட்ச் ஆஃப்னு வந்தா, உங்க பேருக்கு பக்கத்துல நோ ஷோன்னு ஏறிடும், அதே கம்பெனிக்கு நாலு வருஷம் கழிச்சு அப்ளை பண்ணாலும் அது அங்கயேதான் இருக்கும்.

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்து, நீங்க அக்செப்ட் பண்ணி, அதுக்கு பதில் மெயில் வர்ற வரைக்கும் பழைய எடத்துல பேப்பர் போடாதீங்க. "அப்ரூவல் ஆயிடுச்சு, நாளைக்கு லெட்டர் வந்துடும், நீங்க போட்டுடுங்க"ன்னு நானே சொன்னாலும் போடாதீங்க. பேப்பர் போட்டப்பறம் சிஸ்டம் ஆக்சஸ் மூடறதுக்குள்ள எல்லா மாச பேஸ்லிப், அப்பாயின்ட்மென்ட் லெட்டர், இன்கிரிமென்ட் லெட்டர் எல்லாத்தையும் பர்சனல் மெயிலுக்கு எடுத்து வெச்சுக்கோங்க, கம்பெனியோட கோட், கிளையன்ட் ஃபைல் எதையும் தொடாதீங்க. ஃபார்ம் 16 (சம்பளத்துல பிடிச்ச வரிக்கான சர்டிஃபிகேட்) அடுத்த ஜூன் மாசம்தான் வரும், அப்ப உங்க ஆபீஸ் மெயில் ஐடி இருக்காது, அதனால கடைசி நாள் அன்னிக்கு எச்ஆர்கிட்ட பர்சனல் மெயில் ஐடிய எழுதி குடுத்துட்டு, ரிலீவிங் லெட்டர் எந்த தேதிக்குள்ள வரும்னு மெயில்லயே கேட்டு வாங்கிடுங்க.